பத்து பேசோ வெளிச்சம்

பந்தித்லானில் கதவு திறக்கும்போது
யாரும் ஏறுவதில்லை;
ஏற்றப்படுகிறோம்.
எள் விழ இடமில்லை என்பது
எள்ளைப் பற்றித் தெரியாதவர்கள் சொன்னது.
எள் விழும். குனிந்து எடுக்கத்தான் முடியாது.
போன வாரம் என் காதணித் திருகு விழுந்தது,
இன்னும் ஏதோ ஒரு பெட்டியில்
டிக்கெட் இல்லாமல் மெக்சிகோ நகரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆறு பத்து வண்டி. நடுக்கதவுக்கு இடப்புறம்.
அவள் அங்கேதான் நிற்பாள், மூன்று மாதமாக.
ஒருநாள் போனில்
"யதீரா பேசுறேன், நேத்தும் நான்தானே கடையைத் திறந்தேன்"
என்று யாரிடமோ சண்டை போட்டாள்.
அதனால் யதீரா.

ஒரு கையில் உள்ளங்கை அளவு கண்ணாடி
மறு கையில் சாப்பிடும் ஸ்பூன்.
ஸ்பூனின் விளிம்பை இமையில் வைத்து
கட்டைவிரலால் அழுத்தி
மயிர்களை வானம் பார்க்க வளைக்கிறாள்.
கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.
தேவையும் இல்லை:
முன்னால் சிமெண்ட் படிந்த ஒரு தோள்
பின்னால் என் பை
பக்கத்தில், நின்றபடியே தூங்கும் ஒரு பள்ளிச் சீருடை.

வண்டி குலுங்கும்போதெல்லாம்
அந்தக் கண் போச்சு என்று
எனக்குத்தான் பல் கூசும்.
அவளுக்குத் தண்டவாளம் மனப்பாடம்.
இங்கே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் உண்டு.
அவள் கடிகாரம் அதுதான்.
சைக்கிள்காரன் வந்தால் இடது கண்.
சோளக்கதிர் வந்தால் வலது.
ஆப்ரிகாட் வருவதற்குள் உதட்டுச் சாயம்.
அதற்குப் பிறகு வேறு முகம்,
சம்பளம் வாங்கும் முகம்.

அன்று ஹமைக்காவில், அதாவது சோளக்கதிரில்,
பூச்சந்தைக்காரர் ஒருவர்
ஆளுயரச் சம்பங்கிக் கட்டோடு ஏறினார்.
பூவுக்கு மட்டும் எப்படியோ வழி விட்டார்கள்.
பின்னாலேயே நபோர்,
மார்பில் தொங்கும் அட்டை நிறையச் சாவிக்கொத்து டார்ச்.
"பத்து பேசோ விலை, பத்து பேசோ செலவு!"
இரண்டும் ஒன்றுதானே என்று
இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

அடுத்த நிலையத்துக்கு முன்
சுரங்கத்தில் வண்டி நின்றது.
மின்விசிறி நின்றது.
பிறகு விளக்கும்.

முதலில் வந்தது சம்பங்கி வாசம்,
அதுவரை எங்கே இருந்ததோ.
பிறகு ஓர் இருமல்.
பிறகு தூரத்திலிருந்து ஒரு குரல்:
"யாருடா கரண்ட் பில் கட்டாதது?"
சிரிப்பு பெட்டி பெட்டியாக நகர்ந்து
கடைசியில் எங்களிடம் வந்தபோது
பழையதாகியிருந்தது.

நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு.
ஒரு கண்தானே முடிந்திருக்கும் அவளுக்கு.

டிக்.
சுண்டுவிரல் அளவு நீல வெளிச்சம்.
நபோரின் கை தலைகளுக்கு மேலாக நீண்டு
அவள் முகத்தில் வந்து நின்றது.
"நீ பாரும்மா உன் வேலையை."
ஸ்பூன் மேலே போனது.
சிமெண்ட் தோள் மூச்சை அடக்கியது.
சீருடைப் பையன் விழித்துக்கொண்டு
வாயைத் திறந்தபடி பார்த்தான்.
முப்பது பேர் இருட்டில் நின்று
ஓர் இமை வளைவதைப் பார்த்தோம்,
கிரகணம் பார்ப்பது போல.
அவள் யாரையும் பார்க்கவில்லை.
ஒருமுறை மட்டும், "கொஞ்சம் இடப்பக்கம்" என்றாள்.
வெளிச்சம் இடப்பக்கம் போனது.

விளக்கு வந்ததும்
எல்லோருக்கும் ஏனோ கூச்சம்.
அவரவர் செருப்பைத் தேடினோம்.
"பத்து பேசோ விலை, பத்து பேசோ செலவு!"
ஒருவரும் வாங்கவில்லை.
அவளும்தான்.
எனக்கு வாங்க ஆசை. சத்தியமாக.
காசு பாக்கெட்டில் இருந்தது, கையும் பாக்கெட்டில் இருந்தது,
இரண்டையும் வெளியே எடுக்க
நாலு பேர் இறங்க வேண்டியிருந்தது.
அவர்கள் இறங்கியபோது அவனும் இறங்கிவிட்டான்.

மருத்துவமனை சலவைப் பிரிவில்
ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
முதுகில் நசுங்கிய இரண்டு சம்பங்கி.
டீ கலக்கிய ஸ்பூனைக் கழுவித் துடைத்து
இமையில் வைத்துப் பார்த்தேன்.
குலுங்காத தரையில்
கை நடுங்கியது.

மறுநாள் நபோர் விற்றது நகவெட்டி.